பாட்டியை முகாமுக்குக் கூட்டி வருவது எப்படி? கண் தன்னார்வலர்களின் கேள்விகள்

கிராமங்களில் பார்வைப் பரிசோதனை செய்யத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்பில் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், சந்தேகமெல்லாம் அப்புறம் போனில்தான் வரும். அப்படி வந்தவற்றில் சில இங்கே.

நான் பத்தாம் வகுப்புதான் படித்திருக்கிறேன். கண் நோயெல்லாம் எனக்குப் புரியுமா? (மகளிர் குழு உறுப்பினர், உசிலம்பட்டி)

நோய்ப் பெயர் எதையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம், அது டாக்டரின் பாடு. சரியாக அளக்கத் தெரிந்தால் போதும், ஆனால் அந்த "சரியாக" என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நான் வகுப்புக்கு ஒரு நைலான் கயிறு கொண்டுபோவேன். ஒரு முனையைப் பரிசோதனைக்கு வருகிறவர் உட்காரும் நாற்காலிக் காலில் கட்டி, ஆறு மீட்டரில் போட்ட முடிச்சை எழுத்து அட்டை பிடிப்பவர் மிதித்துக்கொள்ள வேண்டும். கயிறு இல்லாமல் கண்ணளவில் நிற்கச் சொன்னால், பேச்சு சுவாரசியத்தில் ஒவ்வோர் அடியாக முன்னால் வந்துவிடுவோம், மங்கலாகத் தெரிகிறவரும் பாஸாகிவிடுவார்.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில 'ஈ' அட்டை. அந்த எழுத்தின் மூன்று கால் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலால் மூடிக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள் (வேண்டுமென்று இல்லை, பரீட்சை என்றால் நம் ஆட்களுக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது). உள்ளங்கையைக் குழித்து, கண்ணை அழுத்தாமல் மூடச் சொல்லுங்கள். மங்கல் என்றால் ஊசித்துளை அட்டையைக் கொடுங்கள். துளை வழியாகத் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகிவிடும், அப்போதும் தெரியவில்லை என்றால் கண்டிப்பாக டாக்டர் பார்க்க வேண்டும். முப்பது பேருக்குச் செய்து பாருங்கள், கை தானாகப் பழகிவிடும்.

எழுபது வயதுப் பாட்டிக்குக் கண்புரை. ஆபரேஷன் இலவசம் என்று நான்கு முறை சொல்லிவிட்டேன், "ஒரு கண்ணு தெரியுதுல்ல, போதும்" என்கிறார். என்ன செய்வது? (கல்லூரி மாணவர், பரமக்குடி)

தம்பி, ஐந்தாவது முறையும் இலவசம் என்று சொல்லாதீர்கள். பாட்டிக்கு அது முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது. கூட யார் வருவார்கள், ஆட்டை யார் மேய்ப்பார்கள், மருமகள் முகத்தைச் சுளிப்பாளா, இதுதான் அவர் மனதில் ஓடும். "போதும்" என்பது கௌரவமாகச் சொல்லும் வார்த்தை.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இதே பாடத்தைத்தான் படித்தது. ஆபரேஷனுக்குக் காசு வாங்காவிட்டாலும் பஸ் செலவும் சாப்பாடும் தடையாக நிற்கும். அதனால்தான் முகாமிலிருந்தே வண்டியில் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு வந்தது. ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து போய்ச் சேர்ந்து வருவதால் பாதி பயம் போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது, அதே தெருவில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைப் பாட்டி வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து உட்கார வைப்பது. நீங்கள் பேசாதீர்கள், அவர்கள் பேசட்டும். "புரை இன்னும் முற்றவில்லை, பழுக்கட்டும்" என்று யாராவது குறுக்கே சொன்னால் மட்டும் வாயைத் திறங்கள். லென்ஸ் வைக்கும் இந்தக் காலத்து ஆபரேஷனுக்குப் புரை முற்றக் காத்திருக்கத் தேவையில்லை, ரொம்ப முற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி உள்ள பார்வையும் போகலாம். 2015–19 தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையின்மையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால்தான். ஒரு பாட்டிக்காக ஐந்து தடவை நடப்பது வீண் அலைச்சல் இல்லை.

பாட்டி திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கிறது. சொட்டு மருந்து விடுகிறாரா என்று எட்டிப் பாருங்கள். வலி, சிவப்பு, பார்வை குறைவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட வேண்டும், "நாளைக்குப் பார்ப்போம்" கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முகாமுக்கு எத்தனை பேரைக் கூட்டி வந்தேன் என்று மட்டும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதில் எத்தனை பேருக்குக் கண் தெரிந்தது என்று ஒருநாள் ஒருவர் கேட்டபோது பதில் இல்லை. இப்போது என் நோட்டில் அதற்குத் தனிப் பத்தி.

கதிரடிக்கும்போது கண்ணில் உமி விழுந்தால் எங்கள் ஊரில் இலைச்சாறு விடுகிறார்கள். நாங்கள் ஏதாவது மருந்து கொடுக்கலாமா? (விவசாயி, ஒரத்தநாடு)

இலைச்சாறு, தாய்ப்பால், நாக்கால் எடுப்பது, மூன்றும் வேண்டாம். கருவிழியில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், கிருமி உள்ளே போய்ப் புண்ணாகி வெள்ளைத் தழும்பு விழுந்துவிடும், பூ விழுந்துவிட்டது என்கிறோமே, அது. சுத்தமான தண்ணீரால் கழுவி, தேய்க்காமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்புங்கள். நேபாளத்தில் பக்தப்பூரில் கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அடிபட்ட 48 மணி நேரத்துக்குள் கீறலைக் கண்டுபிடித்து மூன்று நாள் ஆன்டிபயாடிக் களிம்பு போட வைத்தார்கள், பெரும்பாலானவர்களுக்குப் புண் வராமலே ஆறியது. ஆனால் அது மருத்துவர்களின் மேற்பார்வையில் நடந்த திட்டம், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் சிவப்புக்கு என்று கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மட்டும் யாரும் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயல்வெளிக் காயத்தில் பூஞ்சை வருவது நம் பக்கம் சகஜம், அதற்கு ஸ்டீராய்டு விடுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய மாதிரி.

கேட்காவிட்டாலும் ஒன்று: வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கிக் கண்ணில் பட்டுவிட்டால் வண்டி தேடி ஓடாதீர்கள். இமையை விரித்து, ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி.

பள்ளியில் கண்ணாடி கொடுத்தோம். ஒரு மாதம் கழித்துப் போனால் பாதிப் பேர் போடவே இல்லை. (ஆசிரியை, தேனி)

"சோடாபுட்டி" என்று ஒருவன் கூப்பிட்டிருப்பான், அவ்வளவுதான். டீச்சர், ஃபிரேமை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்தீர்களா? அடுத்த தடவை நாலு மாடலைப் பரப்பிவைத்து, பிள்ளையே எடுக்கட்டும். வீட்டிலும், குறிப்பாகப் பெண் பிள்ளை என்றால், அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுங்கள். "கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும்" என்பார்கள், அது உண்மையில்லை.

நாற்பது தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடியை நாங்களே கொடுத்துவிடலாமா?

வெள்ளெழுத்துக்குத்தானே, கொடுக்கலாம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு இப்படிக் கண்ணாடி கொடுத்து ஆராய்ந்தார்கள், 2018-ல் முடிவு வந்தது: கண்ணாடி கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால் பறிக்கும் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. பூ கட்டுகிறவர்கள், தையல்காரர்கள், அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள் எல்லோருக்கும் உடனே வித்தியாசம் தெரியும். ஒரு நிபந்தனை: முதலில் கயிறு கட்டித் தூரப் பார்வையைப் பாருங்கள். இல்லாவிட்டால் கண்ணாடி வாங்கிய சந்தோஷத்தில் புரையோடும் சர்க்கரை நோயோடும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சர்க்கரை இருக்கிறவரைப் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.