சொல் கேளுங்கள்: இற்றதா, நைந்ததா, உளுத்ததா?

ஆலயத்தில் 'பெலன்', 'பெலவீனம்' என்றுதான் சொல்கிறோம். மகள் கட்டுரையில் அப்படியே எழுத, 'பலவீனம்' என்று சிவப்பு மையில் திருத்தி வந்திருக்கிறது. எது பிழை?
- வாசகி, கருங்கல்

இரண்டும் பிழையில்லை. 'பலம்' வடசொல். அதன் முதலெழுத்து அங்கே அதிர்ந்து ஒலிக்கும், நம் 'பம்பர'த்தின் இரண்டாவது ப-வைப் போல. அப்படி அதிரும் மெய்யோடு தொடங்கும் சொற்களைத் தமிழ் வாய் வாங்கும்போது அகரம் எகரமாகச் சாய்ந்துவிடும். கங்கை கெங்கையானதும், கதி கெதியானதும், ஜபம் ஜெபமும் செபமும் ஆனதும், தண்டம் தெண்டமானதும் இந்த வழியில்தான். களியக்காவிளை தாண்டி மலையாளத்துக்குள் போனாலும் இதே கதை: எழுத்தில் அகரம் இருக்கும், பேச்சில் 'பெலம்'தான் வரும். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இரு வடிவமும் உண்டு. பிலிப்பியர் 4:13-ல் 'பெலனுண்டு'. 2 கொரிந்தியர் 12:9-ல் 'பலவீனத்திலே'.

தேர்வுத்தாளில் 'பலவீனம்' எழுதட்டும், ஜெபத்தில் 'பெலன்' இருக்கட்டும். வடசொல்லே வேண்டாமென்றால் 'வலு', 'வலுவின்மை' கைவசம் இருக்கின்றன.

இத்துப்போச்சு, நைஞ்சுபோச்சு, உளுத்துப்போச்சு, நமுத்துப்போச்சு: எல்லாம் ஒன்றுதானே? கதை எழுதும்போது எதைப் போட?
- வாசகர், குளச்சல்

ஒன்றே அல்ல. வலு எந்த வழியாகப் போனது என்பதை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்கிறது. மாற்றிப் போட்டால் உங்கள் ஊர்க்காரரே சிரிப்பார்.

கரையில் வள்ளம் கட்டிய கயிற்றைப் பாருங்கள். கட்டையில் உரசும் இடத்தில் மட்டும் இழை பிரிந்து பஞ்சாக எழும்பி நிற்கும், மற்ற இடம் நன்றாகவே இருக்கும். அது நைந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாம். அதே கயிறு வெயிலிலும் மழையிலும் உப்புக்காற்றிலும் வருடக்கணக்காகக் கிடந்தால் கதை வேறு. பார்க்க முழுசாக இருக்கும், இழுத்தால் எந்த இடத்திலும் பட்டென்று அறும். அது இற்றது. கடலோர வீட்டு ஜன்னல் கம்பியும் அப்படித்தான்: பெயிண்டுக்குள்ளேயே துரு ஏறி, விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிரும். வெட்டி எடுத்து மிச்சம் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. 'இத்துப்போனவன்' என்ற வசை அவ்வளவு சுடுவது அதனால்தான். 'நேற்று' பேச்சில் 'நேத்து' ஆனதுபோல 'இற்று' 'இத்து' ஆயிற்று. பாத்திரம் பேசும்போது 'இத்துப்போன', நீங்கள் வர்ணிக்கும்போது 'இற்றுப்போன' என்று வையுங்கள்.

உளுப்பது உள்ளே இருக்கும் பூச்சியின் வேலை. வெளியே பாலிஷ் மினுங்கும். விரல் முட்டியால் தட்டினால் பொத்தென்று கேட்கும், கீழே பொடி கொட்டிக் கிடக்கும். மரத்தில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதிதான் முதலில் போகும். (திடமான கிழவரை 'வைரம் பாய்ந்த கட்டை' என்பது இதன் மறுபக்கம்.) வெளிப்பகட்டு குறையாத நிறுவனத்தை 'உளுத்துப்போனது' எனலாம். எல்லோர் கண்ணுக்கும் தெரிய இடிந்து கிடப்பதை அப்படிச் சொன்னால் சொல் வீண். கறையான் தின்றதற்கு 'அரித்தது' என்ற சொல் தனியாக இருக்கிறது.

நமுப்பது ஈரத்தால். ஆனி-ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று இரண்டு மழையைப் பார்க்கும் மாவட்டத்தில் முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் நமுத்த முறுக்கை வெறும் சட்டியில் சிறுதீயில் சில நிமிடம் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஆகவே களையிழந்த கூட்டம் 'நமுத்துப்போகலாம்', அடுத்த பேச்சாளர் சூடேற்றிவிடுவார். முறிந்துபோன கல்யாணத்துக்கு இந்தச் சொல் ஆகாது.

சவலைப்பிள்ளையும் நோஞ்சானும் ஒன்றா?
- வாசகர், தக்கலை

நோஞ்சான் எந்தக் காரணத்தாலும் ஆகலாம். சவலைக்குக் காரணம் ஒன்றே: தாய் மறுபடி கருவுற்றதால் பால் நின்று மெலிந்த பிள்ளை. அடுத்த திட்டம் வந்ததும் பணம் நிறுத்தப்பட்டு இழுத்துக்கொண்டு கிடக்கும் பழைய திட்டத்தைச் 'சவலை' என்றால் அச்சாகப் பொருந்தும். யாப்பிலும் சவலை வெண்பா உண்டு. நேரிசை வெண்பாவின் இரண்டாம் அடியில் வரும் தனிச்சொல் இதில் இல்லை, ஆகவே சீர்கள் 4, 3, 4, 3 என நிற்கும். மூதுரையின் 'அட்டாலும் பால்சுவையில்' பாட்டை எண்ணிப் பாருங்கள்.

சென்னையிலிருந்து வந்த மருமகள் 'வேலை செய்து சக்கையாகிட்டேன் அத்தை' என்றாள். வீடே சிரித்துவிட்டது. அவள் சொன்னது தப்பா?
- வாசகி, மார்த்தாண்டம்

தப்பில்லை. அவள் சொன்னது கரும்புச்சக்கை, சாறு போன மிச்சம். குமரியில் சக்கை என்றால் பலா என்பதால் உங்களுக்கு முள்ளும் சுளையும் கண்ணில் வந்திருக்கும். எங்களுக்கு ஒரு ஆசை: பலாவின் இரு வகைப் பெயரை வைத்து, உறுதியான ஆளுக்கு 'வருக்கை', கையில் நிற்காமல் வழுக்குபவருக்குக் 'கூழன்' என்று உங்கள் ஊரிலிருந்து இரண்டு புதுச் சொல் கிளம்பினால் நன்றாயிருக்கும்.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் எதையும் முடிவு செய்வதில்லை. ஆண்டறிக்கையில் 'மதில்மேல் பூனை' என்று எழுதவா, 'இருதலைக்கொள்ளி எறும்பு' என்று எழுதவா?
- வாசகர், நாகர்கோவில்

இரண்டும் வேண்டாம். கொள்ளியின் இரு முனையிலும் தீ, எறும்பின் மேல் குற்றமே இல்லை. அப்படி எழுதினால் தலைவர்மேல் அனுதாபம்தான் வரும். பூனையோ நிச்சயம் குதிக்கும், எந்தப் பக்கம் என்பதுதான் நமக்குத் தெரியாது. கடைசியாகப் பேசியவர் சொன்னதையே செய்பவர் என்றால் 'எடுப்பார் கைப்பிள்ளை'. கேட்டதற்கு நேர்ப்பதில் வராது என்றால் 'வழவழா கொழகொழா'. பயம் என்றால் 'தொடைநடுங்கி'. 'பேடி', 'பொட்டை' போன்றவற்றைத் தொடாதீர்கள். அவை திட்டுவது தலைவரை அல்ல, வேறு யாரையோ.

இவையெல்லாம் டீக்கடைக்குச் சரி. அறிக்கையில் மாதத்தையும் செயலையும் எழுதுங்கள்: 'குடிநீர்த் தொட்டிப் பழுது ஜனவரி, மார்ச், மே கூட்டங்களில் பேச்சுக்கு வந்தது. மூன்று முறையும் தலைவர் தள்ளிவைத்தார்.' இதைத் 'தள்ளிவைக்கப்பட்டது' என்று மாற்றச் சொல்லி யாராவது வருவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், 'படு' சேர்ந்த உடனே ஆள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்.