வாசகர் கேள்வி பதில்: கிழட்டு சேர்லிஃப்ட்ல ஏறலாமா?

கேள்வி: சார், இந்தக் குளிர்காலத்துக்கு அமெரிக்காவுல பிள்ளைங்களோட ஒரு சின்ன ஸ்கீ மலைக்கு, அதான் பனியில சறுக்கி விளையாடுற மலைக்குப் போறதா இருக்கோம். கேபிள்ல தொங்குற நாற்காலியில ஆளுங்களை மேல கொண்டு போற சேர்லிஃப்ட் அங்க 1960கள்ல போட்டதாம். வீட்டுக்காரருக்குக் கவலையே இல்ல, எனக்குத்தான் வயித்தக் கலக்குது. ஏறலாமா?

தாராளமா ஏறுங்கம்மா. 60 வருஷத்து லிஃப்ட்னா அன்னைக்கு மாட்டுன எல்லாமே இன்னைக்கும் அப்படியே தொங்கிட்டிருக்குன்னு அர்த்தம் இல்ல. டவரும் அஸ்திவாரமும் பழசா இருக்கும், அவ்வளவுதான். கேபிளை நடுவுல மாத்தியிருப்பாங்க, டவர் மேல கேபிள் உருளுற சக்கரங்கள்ல இருக்கிற ரப்பர் தேயத் தேய புதுசு போட்டுக்கிட்டே இருப்பாங்க, மோட்டாரும் கன்ட்ரோல் பெட்டியும்கூட பல இடத்துல புதுசுதான். முக்கியமான சாமான் க்ரிப், அதாவது நாற்காலியைக் கேபிளோட கவ்விப் பிடிக்கிற இரும்பு. அதை முறை வெச்சுக் கழட்டி, காந்தம் ஏத்தி இரும்புப் பொடி தூவி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கான்னு பாப்பாங்க. ஒரே இடத்துல கவ்வியிருந்தா அந்த இடத்துல கேபிள் நையும்னு க்ரிப்பை அப்பப்ப கொஞ்சம் நகர்த்தியும் மாட்டுவாங்க. இதுக்கெல்லாம் அங்க ஏஎன்எஸ்ஐ பி77.1னு ஒரு தரவிதி இருக்கு, கொலராடோ மாதிரி மாநிலத்துல லிஃப்டுங்களைப் பாக்குறதுக்குன்னே தனி அரசு வாரியமே இருக்கு.

விபத்தே நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல மெயின்னு ஒரு மாநிலம், அங்க சுகர்லோஃப்னு ஒரு மலை, அங்க 2010ல பலத்த காத்துல 1975 மாடல் லிஃப்ட் ஒண்ணுல கேபிள் சக்கரத்தை விட்டு விலகி நாற்காலிங்க கீழ வந்துச்சு, அதே மலையில 2015ல இன்னொரு லிஃப்ட் கியர்பாக்ஸ் உடைஞ்சு பின்னால ஓடிச்சு, ரெண்டுலயும் ஆளுங்களுக்கு அடி. ஆனா 1995 டிசம்பர்ல கனடாவுல விஸ்லர்ல க்ரிப்பு வழுக்கி நாற்காலி மேல நாற்காலி மோதி உயிர்ச்சேதமே ஆச்சே, அந்த லிஃப்டுக்கு வயசு வெறும் நாலு! 1991ல போட்டது. அதைச் செஞ்ச கம்பெனி அடுத்த வருஷமே திவாலாயிடுச்சு. அதனால எந்த வருஷத்து லிஃப்ட்னு கேக்குறதை விட, யாரு பாத்துக்கிறாங்க, எத்தனை வருஷமா அதே ஆளு பாத்துக்கிறாருன்னு கேக்குறதுதான் உருப்படியான கேள்வி. பல சின்ன மலைகள்ல ஒரே மெக்கானிக் பல வருஷமா இருப்பாரு, எந்த டவர்ல எந்தச் சக்கரம் முனகுதுன்னு சத்தத்தை வெச்சே சொல்லிடுவாரு.

பிள்ளைங்க கிட்ட ரெண்டே விஷயம் சொல்லி வைங்க: பாதுகாப்புக் கம்பியை இறக்கி விட்டுக்கணும், உக்காரத் தடுமாறினா வெக்கப்படாம கீழ நிக்கிற ஆளைக் கூப்பிடணும், அவரு மெதுவாக்கிடுவாரு. பழைய லிஃப்ட் சிலதுல அந்தக் கம்பியே இருக்காது. அப்படி இருந்தா, பொடிசுங்களை நான் ஏத்த மாட்டேன்.

கேள்வி: நடுவழியில லிஃப்ட் நின்னு போச்சுன்னா?

கரன்ட் போனா டீசலோ பெட்ரோலோ ஒரு மாற்று எஞ்சின் இருக்கும், அதை ஓட்டி எல்லாரையும் மேல சேத்துடுவாங்க. அதுவும் முடியலைன்னா ஸ்கீ பட்ரோல்னு மலையில இருக்கிற மீட்பு ஆளுங்க கேபிள் மேல கயிறு வீசி, உங்களை ஒவ்வொருத்தரா இறக்கி விடுவாங்க, சீசன் ஆரம்பிக்கும்போதே அதுக்குப் பயிற்சி எடுத்துடுவாங்க. நேரமாகும், குளிரும். ஆனா குதிச்சிடாதீங்க. பாக்க பஞ்சு மாதிரி இருக்கும் பனி, கால் முறிஞ்ச பிறகுதான் அதோட கெட்டி தெரியும்.

கேள்வி: பெரிய ரிசார்ட்ல லிஃப்ட் சும்மா பறக்குது, சின்ன மலையில ஆமை வேகம். ஏன் இவங்க மாத்தவே மாட்டேங்கிறாங்க?

பழசுல க்ரிப் கேபிளை விடவே விடாது. நீங்க ஏறுற இடத்துலயும் நாற்காலி கேபிள் வேகத்துலதான் வரும், அதனால செகண்டுக்கு ரெண்டு, ரெண்டரை மீட்டருக்கு மேல ஓட்ட முடியாது. புதுசுல ஸ்டேஷன் வந்ததும் க்ரிப் கேபிளை விட்டுடும், நாற்காலி நடை வேகத்துக்கு வரும், ஏறினதும் திரும்பக் கவ்வும், அப்புறம் செகண்டுக்கு 5 மீட்டர்.

இதுல பலருக்குப் புரியாத ஒண்ணு இருக்கு. நாலு பேர் உக்கார்ற லிஃப்ட் மெதுவானதோ வேகமானதோ, மணிக்கு ஏத்துற ஆளுங்க கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், 2,400 பக்கம். ஏன்னா வேக லிஃப்ட்ல நாற்காலிக்கும் நாற்காலிக்கும் இடைவெளி அதிகம். மேல போற நேரம் குறையுமே தவிர க்யூ கரையாது. 200 மீட்டர் உயரம் கூட இல்லாத குன்றுக்கு எதுக்குங்க அது? மெதுவானது புதுசா போடவே சில மில்லியன் டாலர் ஆகும், வேகமானதுக்கு அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல, அதுக்கப்புறம் வருஷா வருஷம் பராமரிப்புச் செலவு வேற. சின்ன மலைக்காரன் அந்தக் காசை செயற்கைப் பனி அடிக்கிற மெஷின்ல போட்டா புத்திசாலின்னு சொல்வேன்.

கேள்வி: ரெண்டு பேர் உக்கார்ற நாற்காலி, நடுவுல ஒரே ஒரு கம்பி. இப்படி ஒரு லிஃப்ட் போட்டோல பாத்தேன். என்ன டிசைன் இது?

அது பெரும்பாலும் ரிப்லெட். வாஷிங்டன் மாநிலம் ஸ்போகேன் ஊர் கம்பெனி, சுரங்கத்துல தாது இறக்குற கம்பித் தொட்டி செஞ்சுக்கிட்டிருந்தவங்க, பின்னாடி ஆளுங்களை ஏத்த ஆரம்பிச்சாங்க. சொல்லப்போனா சேர்லிஃப்டே சரக்கு ஏத்துற யோசனையில பொறந்ததுதான். 1936ல ஐடஹோவுல சன் வேலில முதல் லிஃப்டை டிசைன் பண்ண யூனியன் பசிபிக் ரயில்வே எஞ்சினியர் ஜேம்ஸ் கர்ரன், கப்பல்ல வாழைத்தார் ஏத்துற கொக்கி ஏற்பாட்டைத்தான் மாத்தி, கொக்கிக்குப் பதிலா நாற்காலி மாட்டினாரு.

ரிப்லெட் ஸ்பெஷல் என்னன்னா, க்ரிப் கேபிளை வெளியிலேர்ந்து கவ்வாது, கேபிளோட இழைகளுக்கு உள்ளயே ஒரு கிளிப்பைச் செருகியிருப்பாங்க. டவர் சக்கரத்துல தட்டாம வழுவழுன்னு போகும். ஆனா கிளிப்பை நகர்த்தணும்னா இழையைப் பிரிச்சுத் திரும்ப முறுக்கணும், அது பெரிய வேலை. கம்பெனி 2003ல மூடியாச்சு. ஆனா லிஃப்டுங்க இன்னும் நிறைய இடத்துல ஓடுது. சாமானுக்கு என்ன பண்றாங்க? வேற மலையில கழட்டிப் போட்டதை வாங்கி வெச்சு உதிரிக்கு உரிக்கிறாங்க, இல்ல லேத் பட்டறையில கடைஞ்சு வாங்குறாங்க.

கேள்வி: சின்ன ஸ்கீ மலைங்க ஒவ்வொண்ணா மூடுதே, பனி குறைஞ்சதாலயா?

பனியும் ஒரு காரணம், இன்சூரன்ஸும் ஒரு காரணம், ஆனா பல இடத்துல கழுத்தைப் பிடிச்சது ஒரே ஒரு லிஃப்ட். 1980கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல 700க்கு மேல இருந்த ஸ்கீ மலைங்க இப்ப 500க்கும் கீழ. மெயின் மாநிலத்துல சேடில்பேக்னு ஒரு ஸ்கீ மலை, அதோட கதை தெரியுமா? 50 வருஷம் தாண்டின, ரெண்டு பேர் உக்கார்ற லிஃப்டை மாத்த 3 மில்லியன் டாலர் வேணும், கிடைக்கலைன்னா திறக்க மாட்டோம்னு 2015ல முதலாளிங்க சொன்னாங்க. கிடைக்கல. மலை அஞ்சு வருஷம் இருட்டுல கிடந்துச்சு, பக்கத்து ரேஞ்ச்லி ஊரு குளிர்கால வியாபாரம் இல்லாம தவிச்சுது, 2020 டிசம்பர்ல புது முதலாளி வேக லிஃப்ட் போட்டுத் திறந்தப்பதான் மூச்சு வந்துச்சு.

முதலாளியே இல்லாமயும் நடத்தலாம். வெர்மான்ட்ல மேட் ரிவர் க்ளென் 1995லேர்ந்து ஸ்கீ ஆடுறவங்களோட கூட்டுறவுச் சங்கம். 1948ல போட்ட, ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள் உக்கார்ற லிஃப்ட், ரெண்டு பேர் உக்கார்றதா மாத்தலாமான்னு பேச்சு வந்தும் மாட்டோம்னுட்டாங்க, 2007ல அதையே பிரிச்சுப் புதுப்பிச்சு ஓட்டுறாங்க. ஒரே பலகையில நின்னு சறுக்குற ஸ்னோபோர்டுக்கு அங்க இன்னும் அனுமதி கிடையாது, அந்தப் பிடிவாதம் எனக்கு ஒத்துக்கல, ஆனா அவங்க மலை, அவங்க இஷ்டம். கொலராடோ குசாராவுல இன்னும் ஒரு படி மேல, லிஃப்ட் ரெடியாகலைன்னு 2023ல ட்ரைலர்ல பஸ் சீட்டை மாட்டி, பனி மேல ஓடுற ஸ்னோகேட் வண்டியை வெச்சு இழுத்தே ஜனங்களை மேல கொண்டு போனாங்க!

உதவணும்னா டிக்கெட் வாங்குங்க. இண்டி பாஸ்னு 2019லேர்ந்து ஒண்ணு இருக்கு, பெரிய கம்பெனி கையில இல்லாத சின்ன மலைங்களுக்கானது, ஒவ்வொரு மலைக்கும் ரெண்டு நாள் போகலாம்.

கேள்வி: கழட்டின பழைய நாற்காலி விக்கிறாங்களாமே, வாங்கி ஊஞ்சலா போடலாமா?

விக்கிறாங்க, புது லிஃப்டுக்குக் காசு சேக்க ஏலமும் விடுறாங்க. கனமான இரும்பு, தனியாளா தூக்க முயற்சி பண்ணாதீங்க. தொங்கவிடுறதுக்கு முன்னாடி விட்டம் தாங்குமான்னு கொத்தனாரைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க.