கொள்ளுத் தாத்தாவின் மெடலை லண்டனுக்கு அனுப்பலாமா?

கேள்வி: வேலூர் பக்கம் எங்கள் ஊர். கொள்ளுத் தாத்தா முதல் உலகப்போரிலும், தாத்தா இரண்டாம் உலகப்போரில் பர்மாவிலும் பட்டாளத்தில் இருந்தவர்கள். டிரங்குப் பெட்டியில் ஒரு வெள்ளி மெடல், ஒரு பர்மா ஸ்டார் மெடல், சிங்க முத்திரை போட்ட பித்தளைப் பொத்தான்கள், தாத்தாவின் 1946-ம் வருட டிஸ்சார்ஜ் புத்தகம் ஆகியவை இருக்கின்றன. லண்டனில் ஒருவர் மொத்தமாகக் கேட்கிறார். 20,000 ரூபாய் அட்வான்ஸும் போட்டுவிட்டார். ‘பழைய கவரிங் நகை’ என்று எழுதி கூரியரில் அனுப்பச் சொல்கிறார். ‘பட்டாளத்து மெடலை விற்றாலே ஜெயில்’ என்கிறார் சித்தப்பா. அப்பா இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி. மீதியை அப்புறம் பேசுவோம்.

சித்தப்பாவின் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. பணியில் இருக்கும் சிப்பாய் தனக்குத் தந்த மெடலை விற்றாலோ அடகு வைத்தாலோ, ராணுவச் சட்டம் 1950-ன் 54-ம் பிரிவில் தண்டனை உண்டு. வாரிசான உங்களுக்கு அது பொருந்தாது. வீட்டில் வைத்திருப்பதும் குற்றமில்லை.

உங்களைப் பிடிக்கக்கூடியது தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், 1972. வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் 100 ஆண்டு பழையதானால் அது தொல்பொருள். கையெழுத்துப் பிரதி, ஆவணம் என்றால் 75 ஆண்டே போதும். தொல்பொருளைத் தனி ஆள் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மீறினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அபராதமும் சேர்த்து. ‘கவரிங் நகை’ என்று எழுதிக் கொடுத்தால் சுங்கச் சட்டத்தில் பொய் அறிவிப்பு என்ற இன்னொரு வழக்கும் வரும். பார்சலில் அனுப்புநர் என்று இருப்பது உங்கள் பெயர்தான், லண்டன்காரர் பெயர் இல்லை.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் வயது தெரிய வேண்டும். வெள்ளி மெடலை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்து, அதன் விளிம்பைப் படியுங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன், 1914, 1918 என்ற ஆண்டுகள் இருந்தால் அது பிரிட்டிஷ் வார் மெடல். விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். ‘63 பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி’ போன்ற பெயர் ஆங்கிலத்தில் தென்பட்டால் நிதானமாகப் படியுங்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் கொண்டுபோய் இறக்கிய படை அது. ஒரு கெஞ்சல்: புளி, விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், விளிம்பில் இருக்கும் பெயர் போய்விடும். அந்த மனிதருக்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே கையெழுத்து அதுவாக இருக்கலாம்.

100 ஆண்டுக் கணக்கு பொருள் உருவான காலத்திலிருந்து ஓடும், போர் நடந்த ஆண்டிலிருந்து இல்லை. இந்த மெடலை ஏற்படுத்தியதே 1919-ல்தான். அதற்குப் பிறகுதான் தயாரித்துக் கொடுத்தார்கள். எனவே உங்களுடையது எல்லையைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். பர்மா ஸ்டார் 1945-ல் வந்தது. அதற்கு இன்னும் 100 ஆகவில்லை. அதன் பின்புறத்தையும் பாருங்கள். இந்தியப் படையினருக்குத் தந்தவற்றில் பெயர் பொறித்தார்கள், பிரிட்டிஷ்காரர்களுக்குத் தந்தவை வெறுமையாக இருக்கும். பெயர் இல்லையென்றால் அது தாத்தாவுடையதுதானா என்று யோசிக்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் டிஸ்சார்ஜ் புத்தகம். மெடலை விட வயதில் இளையதுபோலத் தோன்றும் இந்தக் காகிதம் 75 ஆண்டை எப்போதோ கடந்துவிட்டது. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் என்று கருதப்பட்டால் பர்மா ஸ்டாருக்கு முன்பே இது சட்டத்துக்குள் வந்துவிடும்.

பொத்தான்களில் சிங்க முத்திரை என்கிறீர்கள். அது அசோகர் தூணின் சிங்கங்கள் என்றால், நம் அரசு முத்திரையானது 1950 ஜனவரி 26-ல்தான். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் அரச கிரீடம்தான் இருக்கும். அப்படியானால் 1946-ல் வீடு திரும்பியவரின் பொத்தான்களாக இவை இருக்க முடியாது, குடும்பத்தில் பின்னால் சேர்ந்த யாருடையதோ. ‘உலகப்போர் பொத்தான்’ என்று தெரிந்தே விற்றால் அது ஏமாற்று.

எது தொல்பொருள், எது இல்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் 24-ம் பிரிவின்படி இந்தியத் தொல்லியல் துறைக்கு உண்டு; அந்த முடிவே இறுதியானது. அதன் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. படங்களோடு போய் விண்ணப்பத்துக்கு வழி கேளுங்கள். ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று கிடைத்தவற்றை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அங்கேயே கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய சீருடைகளும் மெடல்களும் இருக்கின்றன, பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. இவை உங்கள் ஒருத்திக்குச் சொந்தமில்லை. தாத்தா உயில் எழுதாமல் 1956-க்குப் பிறகு காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டி, சித்தப்பா, அத்தைகள், உங்கள் அப்பா எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவின் பங்குதான் உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் வரும். உள்ளூரில் விற்பதானாலும் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். விற்க வேண்டாம் என்பதே என் விருப்பம். பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் அருங்காட்சியகம் இருக்கிறது, தாத்தா அந்தப் படை என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

அட்வான்ஸை இந்த வாரமே, வந்த கணக்குக்கே வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள். சட்டம் தடுக்கும் காரியத்துக்கான ஒப்பந்தம் செல்லாது, அந்தப் பணத்தை வைத்துக்கொள்வதும் சரியில்லை. ‘கவரிங் நகை என்று எழுதுங்கள்’ என்று அவர் அனுப்பிய செய்தியை மட்டும் அழிக்காமல் வையுங்கள்.