கிஃப்ட் கார்டில் தேதி முடிந்தால் பணமும் போச்சா?

கிறிஸ்துமஸ், பொங்கல், கல்யாண சீசன் என்று அடுத்தடுத்து வந்து போனதில் வீட்டுக்கு வீடு கிஃப்ட் கார்டு சேர்ந்திருக்கிறது போல. இந்த முறை நம் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் பட்டா, ரேஷன் கார்டு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அன்புத் தங்கைக்கு. 2022 கிறிஸ்துமஸுக்கு கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் அங்கேயே வாங்கி இரண்டு கார்டு தந்தார். ஒன்று ஒரு துணிக்கடையுடையது, 50 டாலர். இன்னொன்று விசா என்று போட்டது, 100 டாலர். பேரனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் கடைக்கே போக முடியவில்லை, இரண்டையும் பைபிளுக்குள் வைத்து அப்படியே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது எடுத்துப் பார்த்தால் விசா கார்டில் 2025-ஓடு தேதி முடிந்திருக்கிறது. மருமகனிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பணம் போனதுதானா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை)

பதில்: போகவில்லை டீச்சர். இரண்டு கார்டுக்கும் சட்டம் வேறு வேறு, ஆனால் இரண்டிலுமே உங்களுக்கு இடம் இருக்கிறது.

முதலில் விசா கார்டு, அதாவது எந்தக் கடையிலும் தேய்க்கிற வங்கிக் கார்டு. அமெரிக்காவில் 2009-இல் கிரெடிட் கார்டு சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள், அதில் கிஃப்ட் கார்டுக்கும் ஒரு பகுதி உண்டு, 2010 ஆகஸ்ட் 22 முதல் அமலில் இருக்கிறது. நாடு முழுவதற்கும் பொதுவானது. அதன்படி கார்டில் போட்ட பணம் குறைந்தது 5 வருஷத்துக்குச் செல்ல வேண்டும். முன்பக்கம் அச்சடித்திருக்கிறதே ஒரு மாதமும் வருஷமும், அது பெரும்பாலும் பிளாஸ்டிக் அட்டையின் தேதி. உள்ளே இருக்கும் பணத்தின் தேதி அதைவிட நீளமாக இருக்கலாம். அட்டை முந்திக் காலாவதியாகி பணம் மிச்சம் இருந்தால், கேட்கிறவருக்கு வேறு அட்டையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நீங்கள் சொல்வது 2022 கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கார்டு, அப்படியானால் 2027 கிறிஸ்துமஸ் வரை பணத்துக்கு உயிர் உண்டு. கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கட்டணமில்லாத தொலைபேசி எண் ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும். மகளை அந்த எண்ணுக்குப் பேசச் சொல்லி, புதுக் கார்டை அவர் முகவரிக்கு வரவழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று, தாமதிக்காதீர்கள். ஒரு வருஷம் முழுக்கக் கார்டைத் தொடாமலே வைத்திருந்தால் அதற்கப்புறம் மாதம் ஒரு முறை கட்டணம் பிடிக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது, கார்டிலேயே அதை எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதனால் 100 டாலரில் கொஞ்சம் கரைந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்தக் கட்டணம்தான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. அடுத்தவர் பணத்தை வட்டியில்லாமல் கையில் வைத்துக்கொண்டு, அதை ஏன் இன்னும் செலவழிக்கவில்லை என்று அபராதமும் போடுவது என்ன நியாயம்?

அப்புறம் துணிக்கடை கார்டு. இதில் நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அங்கே மத்திய சட்டம் போடுவது கீழ்வரம்புதான், அதற்கு மேல் மாநிலங்கள் தங்கள் மக்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு கொடுத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் ஒரு கடை தன் சொந்தக் கிஃப்ட் கார்டுக்குக் காலாவதி தேதி போட்டு விற்கவே கூடாது. கட்டணமும் கிடையாது (மிச்சம் 5 டாலரோ அதற்குக் கீழோ இருந்து 24 மாதம் தொடாமலே கிடந்தால் மாதம் 1 டாலர் பிடிக்கலாம் என்ற சின்ன விலக்கு ஒன்று உண்டு, உங்கள் 50 டாலருக்கு அது பொருந்தாது). செலவழித்து 15 டாலருக்குக் கீழே மிச்சம் நின்றால் அதை ரொக்கமாகவே கேட்டு வாங்கலாம் (2026 ஏப்ரலுக்கு முன் இது 10 டாலராக இருந்தது), கடைக்காரர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகள் வேறு மாநிலங்களில் இருக்கிற வாசகர்களுக்காக இன்னும் கொஞ்சம். நியூயார்க்கில் 2022 டிசம்பர் 10-க்குப் பிறகு விற்ற கார்டுக்கு குறைந்தது 9 வருஷம். மாசசூசெட்ஸில் 7 வருஷம், அங்கே கார்டில் 90 சதவீதம் செலவாகிவிட்டால் மீதியை ரொக்கமாகக் கேட்கலாம். ஃபுளோரிடாவிலும் கனெக்டிகட்டிலும் கடைக் கார்டுக்குக் காலாவதியே கூடாது. கனடாவின் ஒன்டாரியோவில் 2007-லிருந்தே அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பர் முதல் குறைந்தது 3 வருஷம். இதில் கவனிக்க வேண்டியது, அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் கடைகளின் சொந்தக் கார்டைத்தான் காப்பாற்றும். எங்கும் தேய்க்கிற வங்கிக் கார்டுக்கு அநேகமாக அந்த 5 வருஷக் கணக்குதான். இவ்வளவுக்கு வாங்கினால் 10 டாலர் கார்டு இலவசம் என்று கடையில் கொடுக்கிறார்களே, அது காசு கொடுத்து வாங்கியதல்ல என்பதால் இந்தப் பாதுகாப்பு எதுவும் அதற்குக் கிடையாது.

மகளுக்குக் கார்டைப் படம் எடுத்து அனுப்பும்போது அவருக்கு மட்டும் அனுப்புங்கள் டீச்சர், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணும் சுரண்டினால் வருகிற பின் நம்பரும் யார் கையில் இருக்கிறதோ பணம் அவருடையது. மருமகனிடம் கூச்சப்படவும் வேண்டாம், கார்டு வாங்கிய ரசீது அவரிடம் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

கேள்வி: அக்கா, போன வருஷம் என் கல்யாணத்துக்கு அத்தை ஒரு ஜவுளிக்கடை வவுச்சர் தந்தார், 5,000 ரூபாய். நாகர்கோவிலில்தான் கடை. மாப்பிள்ளை வீடு, விருந்து என்று அலைந்ததில் ஏழு மாதம் கழித்துத்தான் போக முடிந்தது. ஆறு மாதம் முடிந்துவிட்டது, செல்லாது என்று கேஷ் கவுன்டரில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருப்பது போல நமக்கும் சட்டம் இல்லையா?
(வாசகி, திங்கள்சந்தை)

பதில்: உன் கேள்வியில்தான் நம் நாட்டுச் சட்டத்தின் ஓட்டை இருக்கிறது தங்கச்சி. வங்கிகளும், ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனங்களும் கொடுக்கிற கார்டுக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது (அடுத்த பதிலைப் பார்). ஆனால் ஒரு கடை தன் கடையில் மட்டும் செல்லும்படி அச்சடித்துக் கொடுக்கிற வவுச்சருக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை, அந்த விதிகளும் அதைக் கட்டுப்படுத்தாது. அதனால்தான் ஒரு கடை ஆறு மாதம் போடுகிறது, இன்னொன்று மூன்று மாதம் போடுகிறது.

அதற்காகச் சும்மா விட வேண்டாம். உன் அத்தை 5,000 ரூபாயை முழுசாகக் கொடுத்திருக்கிறார். கடை பதிலுக்கு ஒரு முழம் துணிகூடக் கொடுக்கவில்லை. பணத்தையும் வைத்துக்கொண்டு பொருளும் தர மாட்டேன் என்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் வாதாட இடம் இருக்கிறது. வவுச்சரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள். காலாவதி தேதி எங்கே, எந்த அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பார். சில வவுச்சர்களில் தொகை கட்டை விரல் அளவுக்கு இருக்கும், தேதி பின்பக்கத்தில் மடிப்பு விழுகிற இடத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அத்தையிடம் பில் இருந்தால் அதையும் வாங்கி வைத்துக்கொள்.

அப்புறம் கவுன்டரில் இருக்கிற பிள்ளையிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை, கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாததை அவளால் என்ன செய்ய முடியும்? மேனேஜரைப் பார். தேதியை நீட்டித்துக் கொடுங்கள் என்று எழுத்தில் கேள், ஒரு நகலில் கடை முத்திரை வாங்கு, அல்லது பதிவுத் தபாலில் அனுப்பு. பல கடைகளில் மேனேஜர் அளவிலேயே முடிந்துவிடும், ஏனென்றால் நீ 5,000 வவுச்சரோடு வந்தால் 8,000-க்குத் துணி எடுப்பாய் என்பது அவருக்குத் தெரியும். முடியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய். அதற்கும் அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நீயே வாதாடலாம், பிரச்சினை நடந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஜெயித்துவிடுவாய் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், கடைக்காரர் நிபந்தனையை முன்கூட்டியே அச்சடித்திருக்கிறேன் என்று சொல்லத்தான் செய்வார். ஆனாலும் கேள்.

என் ஆதங்கம் இதுதான். வங்கிக் கார்டுக்கு ஒரு வருஷம் என்று வரையறுக்க முடிந்தபோது, கடை வவுச்சருக்கு மட்டும் ஏன் முடியாது? அமெரிக்காவில் பல மாநிலங்கள் தங்கள் சட்டசபையில் உட்கார்ந்து இதற்கென்று தனிச்சட்டம் போட்டிருக்கின்றன. வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் கல்யாண வீட்டுக்கு வவுச்சர் கொடுப்பது இவ்வளவு பெருகிவிட்ட பிறகு நம் எம்.எல்.ஏ.க்கள் இதைப் பேசினால் என்ன?

கேள்வி: மேடம், தீபாவளிக்கு கம்பெனியில் ஒரு வங்கியின் கிஃப்ட் கார்டு தந்தார்கள். 10,000 ரூபாயில் 1,840 மிச்சம் இருக்கும்போது தேதி முடிந்துவிட்டது. குறுஞ்செய்திகூட வரவில்லை.
(வாசகர், குளச்சல்)

பதில்: தம்பி, உங்கள் பணம் அங்கேயேதான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிகளைச் சொல்கிறேன். கிஃப்ட் கார்டு ஒன்றில் 10,000 ரூபாய்க்கு மேல் போடக் கூடாது, திரும்ப ரீசார்ஜ் செய்ய முடியாது, ஏ.டி.எம்.மில் எடுக்க முடியாது. ஆனால் குறைந்தது ஒரு வருஷம் செல்ல வேண்டும். தேதி முடிவதற்கு முந்தைய 45 நாளுக்குள் அவ்வப்போது எச்சரிக்கை அனுப்ப வேண்டும். முடிந்த பிறகு நீங்கள் கேட்டால் கார்டைப் புதுப்பித்தோ, புதுக் கார்டாகவோ கொடுக்க வேண்டும், இல்லை மிச்சப் பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். உங்களுக்குக் குறுஞ்செய்தி வராததற்குக் காரணம், கம்பெனி மொத்தமாக வாங்கியபோது கம்பெனியின் எண்ணையே கொடுத்திருக்கலாம், ஹெச்.ஆர். பிரிவில் விசாரியுங்கள். வங்கிக்கு மின்னஞ்சலில் எழுதி புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கேள்வி: நகைக்கடைச் சீட்டு மட்டும் ஏன் எல்லாக் கடையிலும் 11 மாதம்? அதுவும் இந்தக் கார்டு மாதிரிதானா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: முன்பணம் கொடுத்துப் பின்னால் பொருள் வாங்குவது என்ற வகையில் ஒன்றுதான், சட்டம் வேறு. பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துக் கணக்கு முடிக்காவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும், டெபாசிட் வாங்க வேறு கட்டுப்பாடுகள் உண்டு. 11 மாதத்தின் காரணம் அதுதான். சீட்டு முடிந்த மாதமே நகையை எடுத்துவிடுங்கள், தங்கம் விலை இறங்கட்டும் என்று கடையிலேயே போட்டு வைக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் படம் போட்ட வாட்ஸ்அப் எண்ணிலிருந்து, மீட்டிங்கில் இருக்கிறேன், அவசரமாக 5,000 ரூபாய் கிஃப்ட் கார்டு நான்கு வாங்கி எண்ணை அனுப்பு என்று செய்தி வந்தது. இரண்டு அனுப்பிய பிறகுதான் சந்தேகம் வந்தது.
(ஆசிரியை, குலசேகரம்)

பதில்: இதைப் படிக்கிற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இப்படி நடந்தால் முதல் வேலை 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுவது. அடுத்த போன் கார்டை விற்ற நிறுவனத்துக்கு. எண்ணை இன்னும் பயன்படுத்தாமல் இருந்தால் அவர்களால் முடக்க முடியும், அதனால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இரவு வரை காத்திருக்காதீர்கள். மோசடிக்காரர்கள் கிஃப்ட் கார்டைக் கேட்பதற்குக் காரணமே, வங்கிக் கணக்கு மாதிரி அதில் பெயர் இல்லை என்பதுதான். எந்த அரசு அலுவலகமும், போலீசும், வருமான வரித் துறையும், மின்வாரியமும் கிஃப்ட் கார்டில் பணம் வாங்காது. நீங்கள் அனுப்பாத மற்ற இரண்டு கார்டையும் வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கியிருந்தால் ரசீதோடு பத்திரமாக வையுங்கள், அவற்றை நீங்களே செலவு செய்துகொள்ளலாம். அந்த வாட்ஸ்அப் உரையாடலை மட்டும் அழிக்காதீர்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம்.