நேரம் எப்பவும் எக்ஸ் அச்சுலதான் வரணுமா?

ஊசல் சோதனைல "நேரம்தான் சாரா மாறி, அதுதான எப்பவும் எக்ஸ் அச்சுல வரும்"னு எழுதி மார்க் போச்சுன்னு கேட்டிருந்தீங்கல்ல, குழப்பமே அந்த "எப்பவும்"லதான் இருக்கு. எந்த அளவுக்கும் சாரா மாறின்னு நெத்தில எழுதி ஒட்டல, அந்த சோதனைல நீங்க கை வச்சு மாத்துனது எதுன்னு மட்டும் பாருங்க, அதுதான் சாரா மாறி, அதப் பொறுத்து தானா மாறுறது சார்ந்த மாறி. நீங்க மாத்துனது நூலோட நீளம், 25 செ.மீ, அப்புறம் 50, அப்புறம் 100. ஸ்டாப்வாட்ச்ல வந்தத நீங்க முடிவு பண்ணல, அது தானா வந்துச்சு, 25க்கு ஒரு அலைவுக்கு, அதாவது ஒரு தடவ போய்ட்டு திரும்பி வர, சுமார் 1 செகண்ட், 100க்கு சுமார் 2 செகண்ட். அப்போ நீளம் சாரா மாறி, அது எக்ஸ் அச்சுல, அலைவு நேரம் சார்ந்த மாறி, அது ஒய் அச்சுல, அவ்ளோதான்.

நேரம்ங்கற இதே அளவு சுடுதண்ணி ஆறுற சோதனைல சாரா மாறி ஆகி எக்ஸ் அச்சுக்குப் போயிடும், ஏன்னா நிமிஷத்துக்கு ஒரு தடவ தெர்மாமீட்டர் பாக்கலாம்னு முடிவு பண்றது நீங்க, வெப்பநிலைதான் அதுபாட்டுக்கு எறங்குது.

இன்னொன்னு, 100க்குப் போகும்போது நூல்ல தொங்குற குண்ட பெருசா மாத்திட்டேன்னு சாதாரணமா போட்டிருக்கீங்க, உண்மைய சொன்னா மார்க் போனத விட அதுதான் பெரிய தப்பு, ஏன்னா நீளம், குண்டு ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்திட்டீங்க. எடை கூடுனா அலைவு நேரம் மாறாதுதான், ஆனா அத காட்ட நீளத்த மாத்தாம தனியா ஒரு சோதனை பண்ணணும். அதுவும் போக நீளத்த குண்டோட மையம் வரைக்கும்தான் அளக்கணும், குண்டு பெருசானா மையம் கீழ எறங்கி நீளமே மாறிடும்.

திரும்ப பண்ணும்போது ஒரே அலைவ அளக்காதீங்க, 10 அலைவ எண்ணி 10ஆல வகுங்க, பட்டன அமுக்குறதுல வர்ற தாமதம் அதுல பங்கு போயிடும்.