ஒரு ஐஸ் ஹாக்கி வீரரை வெறும் 1 டாலருக்கு விற்றது உண்மையா?

உண்மைதான். 1993-இல் வின்னிபெக் ஜெட்ஸ் அணி கிரிஸ் டிரேப்பரை டெட்ராய்ட் ரெட் விங்ஸுக்கு 1 டாலருக்குக் கொடுத்தது. 1989-இல் வின்னிபெக்கே தேர்ந்தெடுத்த பையன்தான், ஆனால் மூன்று சீசனில் மொத்தமே 20 ஆட்டம்தான் ஆட விட்டார்கள், மீதி நாளெல்லாம் கீழ்நிலை லீக்கில். இப்படி ஓரத்தில் நிற்கும் வீரரை மாற்றும்போது கைமாறும் தொகை பேருக்குத்தான். உண்மையில் கைமாறுவது அவருடைய ஒப்பந்தமும் சம்பளப் பொறுப்பும். இப்போதெல்லாம் என்எச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) அணி ஒன்று 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், ஓர் இடம் காலியாவதே விற்கிற அணிக்கு லாபம்.

சரி, அப்புறம் என்ன ஆனது? டெட்ராய்ட்டும் அவரை உடனே மேலே ஏற்றவில்லை, முதலில் தன் கீழ்நிலை அணியான அடிரோண்டாக்குக்குத்தான் அனுப்பியது. மேலே வந்தபின் 17 சீசன், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், 4 ஸ்டான்லி கோப்பை (என்எச்எல் சாம்பியனுக்கான கோப்பை), 2004-இல் சிறந்த தற்காப்பு முன்கள வீரருக்கான செல்கே விருது. கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இவர் அருமை தெரியாது. எதிரணியின் பெரிய நட்சத்திரத்தை விடாமல் துரத்தி மடக்குவதுதான் இவர் வேலை. எனக்கு மிகப் பிடித்த வீரர்.