கூட்டுத் தளங்களைக் கணினியில் மாடல் செய்தல்: கேள்வி பதில்

கேள்வி: நெளிவு எஃகுத் தகட்டின் மேல் கான்கிரீட் ஊற்றிய கூட்டுத் தளத்தை மாடல் செய்தேன். மாடல் தாங்கும் சுமை, சோதனையில் உடைந்த சுமையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. எங்கே பிழை, ஐயா?

பதில்: தகட்டையும் கான்கிரீட்டையும் ‘டை’ (இரு பரப்புகளையும் நகராமல் பிணைக்கும் மென்பொருள் கட்டளை) போட்டு ஒட்டியிருப்பீர்கள். இந்தத் தளங்கள் பெரும்பாலும் வளைந்து முறிவதில்லை. சுமை இறங்கும் இடத்தருகே விரிசல் விழுகிறது. அங்கிருந்து முனை வரையுள்ள கான்கிரீட் தகட்டின் மேல் வழுக்கி வெளியே வருகிறது. தகட்டின் விளிம்பைத் தாண்டி அது நீண்டு நிற்பது கண்ணுக்கே தெரியும். ‘டை’ போட்டால் இதற்கெல்லாம் இடமே இல்லை. கோஹெஸிவ் பரப்பு (ஒட்டியிருந்து, விசை மிஞ்சினால் விட்டுவிடும் இணைப்பு) கொடுங்கள்: முதலில் வேதிப் பிணைப்பு, அது விட்ட பிறகு தகட்டில் அழுத்தி உருவாக்கிய புடைப்புகளின் பிடிப்பும் உராய்வும். இவற்றுக்கான எண்கள் அதே தகட்டின் சோதனையிலிருந்து வர வேண்டும். வேறொரு தகட்டின் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். புடைப்பின் ஆழம் மாறினாலே பிடிப்பும் மாறிவிடும். சுமை–தொய்வு வளைகோடு பொருந்தியதும் நிறுத்திவிடாமல், முனை வழுக்கலையும் ஒப்பிடுங்கள். 0.1 மி.மீ. முனை வழுக்கல் தோன்றிய சுமையை விட இறுதிச் சுமை 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால்தான் யூரோகோடு 4 (எஃகு–கான்கிரீட் கூட்டுக் கட்டமைப்புகளுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு) அந்தத் தளத்தை நீள்தன்மை உடையதாக, அதாவது திடீரென உடையாததாக, ஏற்கிறது.

கேள்வி: புடைப்புகளை ஒவ்வொன்றாக வரைய வேண்டுமா?

பதில்: முழுத் தளத்தில் வேண்டாம். சிறு துண்டில் வரைந்து, கிடைக்கும் பிணைப்பு–வழுக்கல் உறவை முழுத் தளத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: விரிசல் விழுந்ததும் கணக்கீடு நின்றுவிடுகிறது.

பதில்: ‘எக்ஸ்பிளிசிட்’ முறைக்கு (நேரத்தைச் சிறு சிறு படிகளாக முன்னேற்றிக் கணக்கிடும் முறை) மாறி, சுமையை மெதுவாக ஏற்றுங்கள். இயக்க ஆற்றல் உள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். இழுவிசை மென்மையை (விரிசலுக்குப் பின் கான்கிரீட்டின் இழுவிசைத் தாங்குதிறன் குறைவதை) முறிவு ஆற்றலாகக் கொடுங்கள். திரிபாகக் கொடுத்தால் மெஷ் (மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) மாறும்போதெல்லாம் விடையும் மாறும்.

கேள்வி: முதல் பதிலை மறுக்கிறேன். பயன்பாட்டுச் சுமையில் வழுக்கலே இல்லை. வடிவமைப்புக்கு ‘டை’ போதும்.

பதில்: முதல் வழுக்கல் வரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் வேதிப் பிணைப்பு நிலைக்கும் என்று யார் உறுதி தந்தார்கள்? யூரோகோடு 4 சோதனையில், எதிர்பார்க்கும் உடைவுச் சுமையின் 0.2 முதல் 0.6 பங்கு வரை 5000 முறை ஏற்றி இறக்குகிறார்கள். அந்தப் பிணைப்பை விடுவித்துவிட்டு, மிஞ்சுவதை அளக்கவே இந்த ஏற்பாடு.

கேள்வி: முனையில் ஸ்டட் (தகட்டை உத்தரத்தோடு பிணைக்கும் எஃகு முளை) வெல்டு செய்திருந்தால்?

பதில்: முனை பிடிபடும், நடுவில் வழுக்கல் தொடரும். ஸ்டட்டைத் தனி ஸ்பிரிங்காகக் கொடுங்கள். அப்போதும் ‘டை’ வேண்டாம்.

கேள்வி: என் மாடலிலும் சுமை மிக அதிகம். கான்கிரீட்டின் விரிவுக் கோணத்தை (நொறுங்கும்போது கன அளவு கூடுவதைக் குறிக்கும் எண்) குறைக்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இணைப்புப் பரப்பைச் சரிசெய்யாமல் கோணத்தைத் திருகிச் சுமையைப் பொருத்தினால், அடுத்த தளத்துக்கு அந்த மாடல் உதவாது.

கேள்வி: தீயில் இதே மாடல் செல்லுமா?

பதில்: செல்லாது. 1990களில் இங்கிலாந்தின் கார்டிங்டனில் எட்டு மாடி எஃகுக் கட்டடத்தில் நடந்த தீச் சோதனைகளில், உத்தரங்கள் வலுவிழந்த பிறகும் தளம் சவ்வு போல் இழுபட்டுச் சுமையைத் தாங்கியது. அதைப் பிடிக்கப் பெரும் உருமாற்றக் கணக்கீடும், கான்கிரீட்டுக்குள் உள்ள கம்பி வலையும் மாடலில் இருந்தே ஆக வேண்டும்.